வைத்துக்கொண்ட காற்று

சீடருக்கு வயது ஐம்பத்துமூன்று. குருவுக்கு முப்பத்தெட்டு. கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியின் இரண்டாவது மாடியில் இருவருக்கும் எதிரெதிர் மேஜை.

சீடர் நாச்சிமுத்து இருபத்தெட்டு வருஷம் வரைபடப் பிரிவில் இருந்தவர். பென்சிலில் தொடங்கிக் கணினி வரைக்கும் வந்துவிட்டார். போன வருஷம் அவரைத் தூக்கி, எந்திரத்தைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் பிரிவில் போட்டார்கள். அங்கே அதுவரை இருந்தது, முன்பு வரைபடப் பிரிவில் இருந்து போன பூங்கோதை ஒருவர்தான். அவர் சொல்லிக்கொடுத்தார், இவர் கற்றுக்கொண்டார். அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை மேடம் என்பார். கற்றுக்கொள்வதில் நாச்சிமுத்துவுக்கு வெட்கம் கிடையாது. அவசரம்தான் கொஞ்சம் அதிகம்.

ஒரு வியாழக்கிழமை காலை நாச்சிமுத்து நான்கு பக்க அறிக்கையைக் கொண்டுவந்து பூங்கோதையின் மேஜையில் வைத்தார்.

"முடிஞ்சுதுங்க மேடம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பூங்கோதை முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் படித்தார். அங்கே முடிவு இருந்தது: 'ஹவுசிங்கில் ஊற்றிய ஆயில் வெளியேற வழியில்லை. எனவே ஆயில் ஊற்றப்படவில்லை.'

ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகராட்சியின் பம்ப் ஹவுஸ். அங்கிருந்துதான் ஊருக்குக் குடிதண்ணீர் ஏறுகிறது. கம்பெனி கொடுத்த பம்ப்பில், ஹவுசிங் என்ற பெட்டிக்குள் உட்கார்ந்து தண்டைத் தாங்கும் பேரிங், போன ஆயுத பூஜைக்குப் பிறகு மூன்று போய்விட்டது. மூன்றும் ஆயில் காய்ந்து, குண்டுகள் நீலம் பாரித்துப் போனவை. பம்ப் ஓட்டும் சென்னியப்பன் தினமும் ஆயில் ஊற்றியதாக நோட்டில் எழுதியிருக்கிறார். ஊற்றியது எங்கே போயிற்று என்று கேட்டால் தெரியாது என்கிறார். திங்கட்கிழமை அவர் மேல் விசாரணை. அறிக்கை போய்ச் சேர்ந்தால் அவர் பொய்யர், பத்தொன்பது வருஷ வேலை போகும்.

"இந்த ஆள நீங்க பாத்திருக்கீங்களாங்ணா?" என்று பூங்கோதை கேட்டார்.

"இல்லீங்க. நான் ஆளப் பாக்கலை. ஆயிலத்தான் பாத்தேன்."

தன் பதில் நாச்சிமுத்துவுக்கே பிடித்திருந்தது. கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் ஒன்பது குண்டுகள், அடியில் ஆயில். வளையம் சுற்ற, குண்டுகள் ஆயிலை அள்ளி மேலே வீசின. வீசிய ஆயில் சுவரில் வழிந்து மறுபடி அடிக்கே வந்தது. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"விளிம்புல என்னென்ன குடுத்தீங்க?"

உள்ளே நடப்பதைக் கணினி கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். விளிம்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். பௌண்டரி கண்டிஷன் என்பார்கள்.

"உள் வளையம் நிமிசத்துக்கு ஆயிரத்து நானூத்தி எண்பது சுத்துங்க. மோட்டார் தகட்டுல போட்டிருக்குது."

"வெளி வளையம்?"

"அசையாது. ஹவுசிங்ல இறுக்கமா உக்காந்திருக்குது. கழட்டுனவங்க பாத்துச் சொன்னாங்க."

"ஹவுசிங் சூடு?"

"நாப்பது டிகிரின்னு வெச்சுக்கிட்டேன்."

"ஆயில்?"

"அடியில இருக்கற குண்டு பாதி முங்கற அளவுக்கு வெச்சுக்கிட்டேன்."

"மேல, பிரீதர்ல?"

பிரீதர் என்பது ஹவுசிங்கின் மூச்சுத் துளை. உள்ளே சூடாகும் காற்று அதன் வழியாகத்தான் வெளியே போகும், ஆறினால் உள்ளே வரும்.

"வெளிக்காத்துன்னு வெச்சுக்கிட்டேனுங்க."

"மூணு வெச்சுக்கிட்டேன் ஆச்சு."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் அப்படித்தானுங்க மேடம் வெக்கறது. நீங்களே அப்படித்தான் சொல்லிக்குடுத்தீங்க."

"ஆமாங்ணா. நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

பூங்கோதை எழுந்து போய் ஹவுசிங்கின் குறுக்குவெட்டுப் படத்தை ஒரு தாளில் அச்செடுத்து வந்தார். சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் வட்டம் போட்டார். தாளை நான்காக மடித்து நாச்சிமுத்துவிடம் கொடுத்தார்.

"நீங்க வெச்சுக்கிட்ட எடத்துல எல்லாம் ஒருக்கா கை வெச்சுப்போட்டு வாங்க."

"எங்கீங்க?"

"பம்ப் ஹவுஸ்ல."

"மேடம், திங்கக்கெழம விசாரணைங்க."

"நாளைக்கு வெள்ளிக்கெழமைதானுங்ணா."

"எதாச்சும் தப்பிருந்தாச் சொல்லிப்போடுங்க, இங்கியே திருத்திக்கறேன்."

"எனக்குத் தெரியலீங்ணா. தெரிஞ்சா உங்கள எதுக்கு அனுப்பறேன்?"

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறி நாச்சிமுத்து போய்ச் சேர்ந்தார். வழி நெடுக அவருக்கு எரிச்சல். இது தண்டனை என்றே நினைத்தார். என்ன தப்புச் செய்தோம் என்றுதான் பிடிபடவில்லை.

பம்ப் ஹவுஸ் வாசலில் வெள்ளை பனியன், காக்கி டவுசர், நெற்றியில் திருநீறுமாக ஒருவர் நின்றிருந்தார். நாச்சிமுத்து கம்பெனி பேரைச் சொன்னார்.

"ஓ, நீங்கதானுங்களா, என்னையப் பொய்யன்னு கம்ப்யூட்டர்ல கண்டுபுடிச்சவரு?"

நாச்சிமுத்து தாளைப் பிரித்தார். "மூணு எடம் தொட்டுப் பாத்துப்போட்டுப் போயர்றனுங்க."

"நல்லாத் தொட்டுப் பாருங்க. செருப்ப மட்டும் வெளியவே கழட்டிப்போடுங்க."

உள்ளே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தரை துடைத்து வைத்திருந்தது. தண்டு பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எந்த பம்ப்பிலும் அங்கே கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். சொட்டிய தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போனது.

முதல் வட்டம் ஹவுசிங் சுவர். நாச்சிமுத்து உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"சுடுதுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"எப்பவும் இப்படித்தானுங்களா?"

"ஓடுனா இப்படித்தான். மத்தியானம் நிறுத்துனா ஒரு மணி நேரத்துல ஆறிப்போயிரும். சாயங்காலம் மறுக்கா ஓட்டுவோம்."

நாச்சிமுத்து பையில் இருந்த தெர்மாமீட்டரை ஒட்டிப் பார்த்து, தாளில் நாற்பதை அடித்துவிட்டு எழுபது என்று எழுதினார். உள்ளங்கை சிவந்திருந்தது.

இரண்டாவது வட்டம் ஆயில் மட்டம். பக்கவாட்டில் கண்ணாடி வில்லை இருந்தது. அதில் ஆயில் அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"இது எப்ப ஊத்துனது?"

"நேத்துக் காலைல. பாதிக்கு மேலயே ஊத்துனேன். இன்னைக்கு எங்க இருக்குதுன்னு நீங்களே பாருங்க. தெனமும் இதே கூத்துத்தான். என்ற சம்சாரங்கூட நம்பறதில்லீங்க. ஊத்திருப்பீங்க, மறந்திருப்பீங்கங்கறா."

"கசிவு எங்கியாச்சும் பாத்தீங்களா?"

"தரையில ஒரு சொட்டுக் கெடையாது. நாந்தான் ரெண்டு வேளையும் தொடைக்கறனே. அந்த வாய்க்கா மட்டும் இப்ப வழுக்குது. போன மாசம் நானே வுழுந்தேன். பாசின்னு நெனச்சு சுண்ணாம்பு போட்டேன்."

நாச்சிமுத்து குனிந்து வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தார். மழை பெய்த தார்ரோட்டில் தெரிவது போல, மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. விரலை விட்டுத் தேய்த்தார். ஆயில்தான். வழியில்லை என்று எழுதியாயிற்று. வழி கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வட்டம் பிரீதர். படத்தில் ஹவுசிங்கின் மேல் நெற்றியில் அது இருந்தது. நேரில் பார்த்தால் துளை இல்லை. தாளை நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துளை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் வைத்து, நடுவே குங்குமம் வைத்திருந்தது. அன்று காலைதான் வைத்தது. இன்னும் ஈரமாக இருந்தது.

"இது என்னங்க?"

"பொட்டுங்க." இதுகூடத் தெரியாதா என்பது போல் சென்னியப்பன் பார்த்தார்.

"எப்பருந்து வெக்கறீங்க?"

"போன ஆயுத பூசையில இருந்து. அதுக்கு முன்ன மோட்டாருக்கு மட்டுந்தான் வெப்பேன். பம்ப்புல பொட்டு வெக்கறதுக்குச் சமமா ஒரு எடமே இருக்காதுங்க, பூராவும் மேடும் பள்ளமும். போன வருசம் இந்தப் புது பேரிங் பெட்டி வந்துது. பாத்தா, நெத்தியாட்டம் வட்டமா ஒரு எடம், நடுவுல குழி. பொட்டு வெக்கறதுக்குன்னே பண்ணுனாப்ல. சரி, கம்பெனிக்காரங்க நம்மளையும் நெனச்சுப் பண்ணியிருக்காங்கன்னு சந்தோசப்பட்டுட்டேன். அதுலருந்து வெள்ளிக்கெழம தவறுனதில்லை."

"பழச அழிச்சுப்போட்டு வெப்பீங்களா?"

"அழிக்கறதா? மேல மேலதான் வெக்கறது."

நாச்சிமுத்து சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். சென்னியப்பன் கையை நீட்டித் தடுத்தார்.

"அதக் கொண்டெல்லாம் குத்தாதீங்க. என்ன பண்ணோணும்னு சொல்லுங்க, நான் பண்றேன்."

"இதுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்குதுங்க. அது தெறந்திருக்கோணும்."

சென்னியப்பன் வாய்க்காலில் கையை நனைத்து, பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். குழந்தை நெற்றியைத் துடைப்பது போல மெதுவாகத் துடைத்தார். ஈரச் சந்தனம் போனது. அடியில் காய்ந்த சந்தனம், அதற்கடியில் இன்னும் காய்ந்தது. எட்டு மாசத்துச் சந்தனம் சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். கடைசியில் ஒரு வில்லை பெயர்ந்து வந்தது.

புஸ்ஸென்று ஹவுசிங் மூச்சு விட்டது. சூடான ஆயில் வாசனை இருவர் முகத்திலும் அடித்தது.

பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது என்ன என்று நாச்சிமுத்து சொன்னார். காற்று சூடானால் வெளியே போகப் பார்க்கும். மேலே வழி அடைத்திருந்ததால், தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வந்திருக்கிறது. வந்த ஆயில், சொட்டும் தண்ணீரோடு வாய்க்காலில் போய்விட்டது. சென்னியப்பன் ஊற்றியது உண்மைதான். தினமும் ஊற்றியிருக்கிறார்.

சென்னியப்பன் முகம் மலரும் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்தார். மலரவில்லை. அந்தச் சந்தன வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மூணு பேரிங்கும் போனதுக்கு நாந்தான் காரணமுங்களா?"

நாச்சிமுத்து தாளை மடித்துப் பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வரும்போது எரிச்சல் இல்லை. பயம்தான் இருந்தது. முன்பு எழுதியது பொய், அதனால் ஒரு மனிதருக்கு வேலை போக இருந்தது. இனி எழுதப்போவது உண்மை, அதிலும் அவருக்குத்தான் வேலை போகும்.

சனிக்கிழமை காலை கணினியைத் திறந்தார். சூட்டை எழுபது ஆக்கினார். பிரீதரில் வெளிக்காற்றை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தார். சீலில் காற்றழுத்தம் தாங்கும் அளவைக் கொடுத்தார். மதியத்துக்குள் விடை வந்தது. குண்டுகள் முன்பு போலவே ஆயிலை அள்ளி வீசின. ஆனால் தண்டு ஓரமாக ஆயில் மெல்லிய கோடாக வெளியே போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடிக் குண்டு காய்ந்துவிட்டது.

பூங்கோதை பின்னால் நின்று பார்த்தார்.

"அவரு பொய் சொல்லலீங்க மேடம்."

"ம்."

"ஆனா அடைச்சது அவருதானுங்க." பம்ப் ஹவுஸில் நடந்ததை நாச்சிமுத்து ஒன்று விடாமல் சொன்னார். பொட்டு வைக்க நெற்றி மாதிரி இடம் என்று சென்னியப்பன் சொன்னதைச் சொல்லும்போது பூங்கோதை தலையை நிமிர்த்தினார்.

"நெத்தின்னா சொன்னாரு?"

"ஆமாங்க. கம்பெனி நம்மள நெனச்சுப் பண்ணியிருக்குதுன்னு சந்தோசப்பட்டாராம்."

பூங்கோதை தன் மேஜைக்குப் போனார். அந்த ஹவுசிங்கின் மூல வரைபடத்தைத் திரையில் எடுத்தார். நாச்சிமுத்துவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"முன்ன இந்த எடத்துல வளைஞ்ச குழாய் ஒண்ணு இருந்துது, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. லாரியில ஏத்தி எறக்கறப்ப ஒடையுதுன்னு புகார் வந்துது."

"அதனால குழாய எடுத்துப்போட்டு வட்டமா ஒரு மேடு வெச்சு, நடுவுல ஓட்டை வெச்சேன். மூடி வெக்கலை. தூசி போகாம உள்ள வலை இருக்குது, போதும்னு வெச்சுக்கிட்டேன்."

பிறகு படத்தின் வலது கீழ் மூலைக்குப் போய் அதைப் பெரிதாக்கினார். வரைந்தவர் என்ற இடத்தில் பூங்கோதை என்று இருந்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருந்த சுழித்த கையெழுத்தை நாச்சிமுத்து உடனே கண்டுகொண்டார். அது அவருடையதுதான். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் படம் சரிபார்த்த காலம் அது.

நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சூடானது. நேற்று ஹவுசிங்கைத் தொட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அறிக்கைய எடுங்க" என்றார் பூங்கோதை.

அவர் எடுத்தார். பூங்கோதை கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வெற்றுத் தாள் ஒன்றை அவர் முன் நகர்த்தினார்.

"எழுதுங்க."

"பொட்டப் பத்தி எழுதாம வுட்டறலாமுங்களா மேடம்? வுட்டுப்போட்டா அவருக்கு நல்லது."

"மறைக்க வேண்டாங்ணா. பொட்டு வெச்சாருன்னு எழுதுங்க. அதுக்கு முன்னால நாம என்னென்ன வெச்சோம்னு எழுதுங்க."

நாச்சிமுத்து எழுதினார். வரைந்தவர் துளை வைத்தார், மூடி வைக்கவில்லை. சரிபார்த்தவர் கையெழுத்து வைத்தார். சிமுலேஷன் செய்தவர் துளையில் வெளிக்காற்று இருப்பதாக வைத்துக்கொண்டார். பம்ப் ஓட்டுபவர் துளை மேல் பொட்டு வைத்தார். தினமும் ஆயிலும் ஊற்றினார். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் தன் பெயரே வருவதைப் பார்த்து, பேனாவை நிறுத்தினார். பிறகு பெயரை இரண்டு தடவையும் முழுசாக எழுதினார். பூங்கோதை தாளை வாங்கி, முதல் வரியில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"திங்கக்கெழம இதத்தானுங்க மேடம் மொதல்ல கேப்பாங்க. மூணு பேரு நாலு வெச்சிருக்கோம். அதுல அவர மட்டும் எதுக்குங்க காரணம்னு எழுதாம வுடோணும்? அவரு வெச்சதுதானுங்க அடைச்சுது."

பூங்கோதை சிவப்பு வட்டம் போட்ட தாளை எடுத்து அறிக்கையோடு சேர்த்துப் பின் அடித்தார்.

"அவரு ஒருத்தருதானுங்ணா கிட்டப் போயிப் பாத்து வெச்சாரு."